தக தகிட ஜாஸ்

பெரம்பலூரில் ஜாஸ் ரசிகர் சங்கம் வைத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் நானே! எல்.ஏ.4440 ஐ.சி. போட்டு நானே செய்த ஆம்ப்ளிஃபையர். மண்பானை மேல் ஸ்பீக்கர். சாக்ஸஃபோன் ஆரம்பித்தாலே மனைவி, "ஏங்க, மறுபடி ரிப்பேரா?" என்பாள்.

போன வாரம் அரியலூரிலிருந்து மாமா வந்தார். தவில்காரர். டேவ் புரூபெக் குழு 1959-ல் பதிவு செய்த 'டேக் ஃபைவ்' போட்டேன். அரை நிமிஷம்தான், தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சு எண்ணிக்கை! நம்ம கண்டசாபு, மாப்ளே! 'தக தகிட'வைத் திருப்பிப் போட்டு 'தகிட தக'ன்னு வாசிக்கிறான்!"

புரூபெக் 1958-லேயே மெட்ராஸ் வந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தவர் என்றேன்.

சமையலறையிலிருந்து குரல்: "கொஞ்சம் சத்தமா வைங்க. எனக்கும் கேக்கட்டும்!"

சங்கத்துக்குப் பொருளாளர் கிடைச்சாச்சு!