எலிக்குச் செய்தார்கள், பிள்ளைக்குச் செய்ய மறுத்தார்கள்

"உங்க மகனுக்கு இவ்வளவுதான் வரும்மா. ரொம்ப எதிர்பார்க்காதீங்க."

சில ஆண்டுகளுக்கு முன்பு பெற்றோர் சந்திப்பு நாளில் என் தங்கையிடம் ஓர் ஆசிரியை சொன்னது இது. பையன் அப்போது இரண்டாம் ஆண்டு. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் ஓடிப்போய் உட்கார்ந்திருந்தவள், "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிப் பழகியவர்கள்தானே நாம்!

கொஞ்ச நாள் கழித்து அவளை ஒரு தன்முனைப்பு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். கட்டணம் வேறு. அங்கே பேசியவர் நேர்மாறாகச் சொன்னார்: "ஆசிரியர் நம்பினால் எந்தப் பிள்ளையும் மேதையாகிவிடும். அமெரிக்க மனோவியல் ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள்." கைதட்டல் பிளந்ததாம். தங்கை என்னிடம் கேட்டாள்: "இதுல யாருண்ணே சொல்றது உண்மை?"

அந்த ஆய்வைத் தேடிப் படித்தேன். இரண்டு பேர் சொன்னதும் அதில் இல்லை.

கதை எலியில் தொடங்குகிறது. ராபர்ட் ரோசந்தால் என்ற மனோவியல் ஆய்வாளரும் கெர்மிட் ஃபோட் என்பவரும் 1963இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 12 மாணவர்கள், ஆளுக்கு 5 எலிகள். பாதிப் பேரிடம், "உங்களுடையது புத்திசாலி எலி, வழியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்" என்றார்கள். மீதிப் பேரிடம், "உங்களுடையது மந்த எலி" என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள். ஆனால் 'புத்திசாலி' எலிகள் உண்மையாகவே நன்றாகச் செய்தன. வளர்த்தவர்கள் அவற்றை மென்மையாகக் கையாண்டார்கள், அதிகம் தொட்டுப் பழகினார்கள். பெயர் வைத்ததுதான் வித்தியாசம்!

ரோசந்தாலின் கட்டுரையைப் படித்த ஒரு தலைமையாசிரியை அவருக்குக் கடிதம் எழுதினார். பெயர் லெனோர் ஜேக்கப்சன். சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில், பெரும்பாலும் உழைப்பாளிகளின் பிள்ளைகள் படித்த ஒரு தொடக்கப் பள்ளியை நடத்தியவர். மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளும் அங்கே கணிசமாகப் படித்தார்கள். 1964இல் இருவரும் சேர்ந்து அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சாதாரண அறிவுத்திறன் தேர்வு ஒன்றை வைத்தார்கள். ஆசிரியர்களிடம் மட்டும், "இது ஹார்வர்டில் வந்த தேர்வு, எந்தப் பிள்ளை திடீரென்று முன்னேறப் போகிறது என்று முன்கூட்டியே காட்டிவிடும்" என்று கதை கட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் ஏறக்குறைய 20 விழுக்காட்டுப் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்து, "இவர்கள்தான் அவர்கள்" என்றார்கள். அந்தப் பெயர்கள் தேர்வைப் பார்த்து எடுத்தவை அல்ல. குலுக்கல் மாதிரி, கண்ணை மூடி எடுத்தவை.

இந்தக் குலுக்கல்தான் முழுச் சோதனையின் உயிர். ஆசிரியரையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? டியூஷன் போகும் பிள்ளை, வீட்டில் புத்தகம் உள்ள பிள்ளை, சுத்தமான சட்டையோடு வரும் பிள்ளை, இவர்களைத்தான் எடுப்பார். வருடக் கடைசியில் அவர்கள் முன்னுக்கு வந்தால் அது டியூஷனாலா, நம்பிக்கையாலா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. குலுக்கிப் போட்டால் ஏழையும் வசதியானவரும், சுட்டியும் மந்தமும் இரண்டு பக்கமும் கலந்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரே வித்தியாசம், ஆசிரியரின் எண்ணம்தான். பெயர் வராத மீதிப் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்க்க இருப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

ஒரு கல்வியாண்டின் முடிவில் மறுபடியும் அதே தேர்வு. முதலாம் வகுப்பில், பெயர் வந்த பிள்ளைகள் சராசரியாக 27.4 புள்ளி உயர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் 12.0. இரண்டாம் வகுப்பில் 16.5க்கு 7.0. மேல் வகுப்புகளில்? சொல்லிக்கொள்ளும்படியாக ஒன்றும் இல்லை. முகாமில் பேசிய மனிதர் இந்த வரியை விழுங்கிவிட்டார்.

இன்னொன்றையும் விழுங்கினார். 1968இல் இது புத்தகமாக வந்தவுடனேயே, ராபர்ட் தார்ன்டைக் என்ற தேர்வு நிபுணர் அதைப் பிய்த்துப் போட்டார். அந்தத் தேர்வு சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை என்றார். ஒரு வகுப்பின் சராசரி, ஒரு பகுதியில் 31 என்று பதிவாகியிருந்தது. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கே நடந்து வந்திருக்க முடியாது! அளவுகோலே கோணல் என்றால் அளந்ததை எப்படி நம்புவது?

பிறகு பலர் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் கிடைத்தது, பல இடங்களில் கிடைக்கவில்லை. 1984இல் ஸ்டீபன் ரோடன்புஷ் என்பவர் 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் காரணம் ஓரளவு தெரிந்தது. பொய்ப் பெயர்ப் பட்டியல் கைக்கு வருமுன் ஆசிரியர் பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகியிருந்தால், அதன் பாதிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. பழகுமுன் வந்தால் ஒட்டிக்கொள்கிறது.

பெற்றோரே, நமக்குத் தேவையானது இதுதான் என்பது என் கருத்து. ஆசிரியரின் மனத்தில் பிள்ளையைப் பற்றிய படம் விழுவது ஆரம்பத்தில். அந்த நாட்களில் அவர் காதில் விழுவது என்ன? போன வருட ஆசிரியர் சொன்னது, கோப்பில் எழுதியிருப்பது, "அந்தத் தோட்டத்துப் பையனா" என்ற ஒரு பெருமூச்சு. இதில் மற்ற இனத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் தமிழ்ப்பள்ளிகளில் நம் ஆசிரியர்களே செய்வதும் உண்டு. வாய் கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. எலிச் சோதனையில் 'புத்திசாலி', 'மந்தம்' என்று இரண்டு பக்கமும் செய்தார்கள். பள்ளியில் ஒரு பக்கம் மட்டும்தான். "இந்தப் பிள்ளை தேறாது" என்று எந்த ஆசிரியரிடமும் அவர்கள் சொல்லவில்லை. அது நெறிக்கு மாறானது, பிள்ளையைக் கெடுத்துவிடலாம் என்று தவிர்த்தார்கள். ஆய்வுக்காகக் கூட ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடாது என்று அவர்கள் ஒதுக்கிய பாதியை, எந்த ஆய்வும் இல்லாமல், ஒப்பிட ஒரு குழுவும் இல்லாமல், என் தங்கை மகனுக்குச் சர்வசாதாரணமாகச் செய்துவிட்டார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது நடந்திருக்கும்?

"ஆதாரம் எங்கே?" என்று நம்மைக் கேட்பார்கள். பாகுபாடு என்று வாயெடுத்தால் வரும் முதல் கேள்வி அதுதானே. அதற்கும் இதே குலுக்கல் முறையின் குடும்பத்தைச் சேர்ந்த வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2004இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். தகுதியைச் சமமாக வைத்துப் பெயரை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட ஐம்பது விழுக்காடு அதிக அழைப்பு. நம் நாட்டிலும் லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் இருவரும் இப்படிச் செய்து 2016இல் வெளியிட்டார்கள். விண்ணப்பத்தின் தரத்தைவிட இனமே அதிகம் பேசியது, மலாய்ப் பெயர்களுக்கு அழைப்பு குறைவு என்று கண்டார்கள். நல்ல, துணிச்சலான ஆய்வு. ஆனால் அனுப்பிய பெயர்கள் மலாய், சீனம் மட்டுமே. முனியாண்டியும் சரஸ்வதியும் அதில் இல்லை. இல்லாத பெயரைப் பற்றிச் சோதனை எதுவும் சொல்லாது. 2019இல் வந்த வேறோர் ஆய்வுதான் இந்தியப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டது.

அதனால் பல்கலைக்கழகங்களில் மனோவியலும் கல்வியியலும் படிக்கும் நம் இளைஞர்களைக் கேட்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்களே, ஒரே விடைத்தாளின் மேல் மூன்று இனப் பெயர்களை மாற்றி மாற்றி எழுதி, பெயரைக் குலுக்கிப் போட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்துப் பாருங்களேன்! மதிப்பெண் மாறுகிறதா என்று எண்ணிச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், நாம் வாயை மூடிக்கொள்வோம்.

தங்கை மகன் இப்போது மூன்றாம் படிவம். மேதையாகவும் ஆகவில்லை, ஆசிரியை சொன்னபடி நின்றுவிடவும் இல்லை. கணக்கு சுமார், அறிவியல் நன்றாக வருகிறது. ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கடைக்குட்டி முதலாம் ஆண்டுக்குப் போனபோது, பள்ளி திறந்த முதல் வாரமே தங்கை ஒரு நாள் லீவு போட்டாள். சம்பளம் வெட்டினார்கள். போய் ஆசிரியையைப் பார்த்து, "இவளுக்குக் கதை சொன்னா ரொம்பப் பிடிக்கும் டீச்சர், நெறைய கேள்வி கேட்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.