அடிபம்பும் ஆரோக்கியமும்

"சுகாதாரமா? அது டாக்டருங்க சமாச்சாரம். டிப்ளமோக்காரன் நமக்கென்னப்பா வேலை?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

1970களில் நம் நாட்டுக் கிராமங்களில் வார்ப்பிரும்பு அடிபம்புகள் பல பழுதாகிக் கிடந்தன. ஒரு வீட்டுக்கென்று செய்த பம்பு, ஊரே அடித்தால் தாங்குமா? பம்பு நின்றால் ஜனங்கள் குட்டைத் தண்ணிக்குப் போவார்கள். பின்னாலேயே வாந்திபேதி வரும். சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, யுனிசெஃப் ஆதரவில் சென்னையில் உருவாகி, கோவைப் பக்கம் சோதிக்கப்பட்டதுதான் 'இந்தியா மார்க் 2'. பின்னர் வந்த மார்க் 3இல் குழாயைக் கழற்றாமலே வாஷர் மாற்றலாம்.

ஆனால் மாற்ற ஆள் வேண்டாமா? பம்பு நட்டுத் திறப்பு விழா நடத்தினால் மட்டும் போதாது. ஊராட்சிக்கொரு பயிற்சி பெற்ற மெக்கானிக் வேண்டும். அவர் சம்பளத்தைச் சுகாதாரச் செலவாகவே எழுத வேண்டும். லீவுக்கு ஊர் போகும் தோழர்களே, நம்மூர் பம்பு ஓடுதான்னு முதலில் பாருங்கள்!