தண்ணீரில் விஷம், சட்டத்தில் கெடு!

நாட்டைக் காக்கப் போனவனின் வீட்டுக் குழாயிலேயே விஷம் வந்தால்? அதுவும் முப்பது வருடங்களுக்கு மேல்!

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள மரைன் படைத்தளம் கேம்ப் லெஜூன். 1953 முதல் 1987 வரை அங்கே குடியிருந்தவர்கள் குடித்த, குளித்த, சமைத்த தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், பென்சீன் போன்றவை கலந்திருந்தன. முதலிரண்டும் இயந்திரத்தின் கிரீஸ் போக்கவும், டிரை கிளீனிங் கடைகளிலும் பயன்படும் ரசாயனங்கள். 1982-ல் ஒரு குழாய்த் தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய அமெரிக்க வரம்பு வெறும் 5!

ஆய்வகம் அந்த வருடமே எச்சரித்தது. மோசமான கிணறுகளை மூட 1985 ஆகிவிட்டது. தளத்தை விட்டுப் போன குடும்பங்களைத் தேடிச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. ஜெரி என்ஸ்மிங்கர் என்ற மரைன் வீரரின் மகள் ஜேனி, 1985-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். வயது 9. தண்ணீர் விஷயம் அந்தத் தகப்பனுக்குத் தெரிந்தது 1997-ல், டி.வி. செய்தியில்!

இப்போது சட்டத்தைப் பாருங்கள். தீங்கு செய்தவரின் கடைசிச் செயலிலிருந்து 10 வருடம் போனால் வழக்கு கிடையாது என்பது வட கரோலினா சட்டம். பாதிக்கப்பட்டவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது அதற்குக் கவலையில்லை. 1985-உடன் பத்தைக் கூட்டுங்கள், 1995. தகப்பனுக்குத் தெரியும் முன்பே கெடு முடிந்துவிட்டது! சொல்லாமல் இருந்தவனுக்கு அந்த மௌனமே கேடயம். கடன் கொடுத்தவனுக்குத் தெரியாது என்பதற்காக எந்தக் கணக்குப் புத்தகத்திலாவது கடன் அழிந்துபோகுமா?

2016-ல் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. 2019-ல் கடற்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகளை நிராகரித்தது. 2022-ல்தான் கேம்ப் லெஜூன் நீதிச் சட்டம் வந்து அந்தப் பூட்டை உடைத்தது. அதிலும் இரண்டே வருடக் கெடு, 2024 ஆகஸ்ட்டோடு முடிந்தது. வந்த கோரிக்கைகள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

'இத்தனை வருடம் கழித்து, இந்த நோய் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்த வருடங்களைக் கரைத்தது யார்? மருத்துவமனைச் சீட்டுகள் தொலைந்ததும், சாட்சிகள் செத்ததும் அந்தக் குடும்பங்களின் குற்றமா? தாமதம் செய்தவன், அந்தத் தாமதத்தையே வாதமாக வைக்கக் கூடாது.

2023-ல் சில நோய்களுக்கு 1 லட்சம் முதல் 4.5 லட்சம் டாலர் வரை சமரசத் தொகையை அரசே அறிவித்தது. அப்படியானால் எந்த நோய்க்கு இந்தத் தண்ணீரோடு தொடர்பு உண்டென்று அரசுக்கே தெரியும். தெரிந்த பிறகும் ஒவ்வொரு விதவையையும் தனித்தனியாக நிரூபிக்கச் சொல்வது நீதியல்ல, காத்திருப்பவர்கள் சாகட்டும் என்று காத்திருப்பது.

மரைன் படையின் முழக்கம் 'என்றும் விசுவாசம்'. வீரன் தன் பங்கைச் செலுத்திவிட்டான். பாக்கி அரசின் பக்கம்தான்.