களை பிடுங்கும் வேலைக்கு என்ன பெறுமதி?

சொந்தக் காணியை விட்டு வந்து, இன்று பிறர் வயலில் கூலிக்கு இறங்கும் குடும்பங்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். உங்கள் கையில் தரப்படும் கூலி, நீங்கள் செய்த வேலைக்கா? அல்லது நீங்கள் யார் என்பதற்கா?

இறக்காமம் வட்டைகளில் வேளாண்மை வேலை தொடங்கினால், ஒரே நேரத்தில் வயலில் இறங்கி ஒரே நேரத்தில் கரையேறும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு வேறொரு கூலி. இது இங்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. மத்திய வங்கி வெளியிடும் கூலிப் புள்ளிவிபரங்களிலேயே நெற்செய்கைக்கு ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு வரிசைகள் உண்டு. இடம்பெயர்ந்தவர் என்றால் இன்னுமொரு படி கீழே. "வந்த ஆட்கள்தானே, கொடுப்பதை வாங்குவார்கள்" என்ற பேச்சு நீங்கள் கேளாததல்ல.

பெரிய நிறுவனங்களில் சம்பளம் நிர்ணயிப்பதற்கு முன் 'தொழில் மதிப்பீடு' என்றொன்றைச் செய்கிறார்கள். அங்கே வேலை செய்பவரின் பெயரையோ ஊரையோ பார்ப்பதில்லை, வேலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு எவ்வளவு திறமை வேண்டும், உடலும் மனமும் எவ்வளவு உழைக்கின்றன, பொறுப்பு எவ்வளவு, எத்தகைய சூழலில் செய்யப்படுகிறது என்ற நான்கையும் எடைபோட்டு ஒவ்வொரு வேலைக்கும் தரம் இடுகிறார்கள். சம்பளம் அந்தத் தரத்தைப் பொறுத்தது.

இந்த அளவுகோலைக் களை பிடுங்குவதில் வைத்துப் பார்ப்போம். நெல்லைப் போலவே நிற்கும் புல்லை இளம் பருவத்திலேயே அடையாளம் காண்பது எல்லோருக்கும் வராது. தவறினால் பிடுங்கப்படுவது நெல். காலை முதல் குனிந்த முதுகு நிமிர்வதில்லை. கால் சேற்றில், அட்டை கடிக்கிறது, எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. இப்படியிருக்க, இதை 'பெண்பிள்ளைகளின் இலேசான வேலை' என்று சொன்னவர் ஒருநாளாவது பிடுங்கிப் பார்த்தாரா தெரியவில்லை! மண்வெட்டி வேலைக்குப் பலம் கூட வேண்டும் என்பது உண்மை. ஆனால் பலம் நான்கில் ஒரு பகுதி மட்டுமே.

இது எமக்குப் புதிய யோசனையுமல்ல. போடியார் காலத்தில் முல்லைக்காரனுக்கு மற்ற உழைப்பாளிகளை விடக் கூடுதலாகக் கிடைத்ததே, ஏன்? வயலின் பொறுப்பு அவன் தலையில் இருந்தது. தண்ணீர் பார்த்த வட்டவிதானைக்கு நெல்லாகக் கொடுத்ததும் பொறுப்புக்குத்தான். பொறுப்புக்கு விலை உண்டென்பது இந்த மண்ணுக்குத் தெரியும். அப்படியானால், பத்து இருபது போகம் சொந்தமாக வேளாண்மை செய்த ஒருவரைக் கூலிக்கு அழைத்து, "தண்ணியை எப்போது வடிய விடுவது, பசளை எப்போது போடுவது" என்று அவரிடமே கேட்டு நடந்துவிட்டு, மாலையில் வெறும் உடலுழைப்புக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

மதிப்பீடு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. மதிப்பிடுபவரின் கண்ணிலேயே கோளாறு இருக்கலாம். இங்கிலாந்தில் போர்ட் மோட்டார் கம்பனியின் டகன்ஹாம் தொழிற்சாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்களின் வேலை, கம்பனி செய்த மதிப்பீட்டில் திறமை குறைந்த வேலையாகத் தரமிடப்பட்டது. 1968 இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தொழிற்சாலையே நின்றது. 1970 இல் அந்நாட்டில் சம ஊதியச் சட்டம் பிறப்பதற்கு அது வழிவகுத்தது. ஆயினும் அவர்களுடைய வேலை திறமைமிக்க வேலையாகத் தரமுயர்த்தப்பட்டது 1984 இல்தான். பதினாறு வருடங்கள்!

அதே 1984 இல்தான் எமது நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. சர்வதேச தொழில் தாபனத்தின் 1951 ஆம் ஆண்டுச் சமவாயம், சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. வேலைகளைப் பாரபட்சமின்றி மதிப்பிட வேண்டும் என்றும் கூறுகிறது. இலங்கை அதை 1993 இல் ஏற்றுக்கொண்டது. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு 400 ரூபா என்று தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை வகுத்தது. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது. ஆனால் குறைந்தபட்சம் என்பது இதற்குக் கீழே போகாதே என்று மட்டுமே சொல்லும். களை பிடுங்குவதற்கும் வரம்பு கட்டுவதற்கும் இடையில் என்ன வித்தியாசம் இருக்கலாம் என்று அது சொல்லாது.

வயற்காரர்களின் கஷ்டமும் எமக்குத் தெரியாததல்ல. 2021 இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டபோது விழுந்த அடியில் இருந்து எழும்பாதவர்கள் பலர். வெட்டும் மெஷினுக்குக் கொடுத்த பின் அவர்கள் கையில் மிஞ்சுவதும் அதிகமில்லை. எனினும் மெஷின்காரரிடம் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு, பேரம் பேசுவது மட்டும் களை பிடுங்குபவளிடம் என்றால், அங்கே தீர்மானிப்பது கஷ்டமல்ல, அவளால் மறுக்க முடியாது என்பதே.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பை முடிக்கும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகின்றன. கூலியைப் பற்றிய பேச்சு தேநீர்க் கடையில்தான். காணி இல்லாததால் அந்தக் கூட்டத்தில் உங்களுக்குக் குரலும் இல்லை. வரும் மாரிப் போகத்துக்கு முன் விவசாய அமைப்புகள் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். விதைப்பு, வரம்பு, களை, மருந்தடிப்பு என்று வேலைகளை வரிசையாக எழுதி, நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, கூலியைப் பலகையில் எழுதட்டும். ஆண், பெண், உள்ளூர், வெளியூர் என்ற நிரல் அப்பலகையில் வேண்டாம். எழுதும்போது களை பிடுங்கும் பெண்கள் இருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் இடம்பெயர்ந்து வந்தவராக இருக்கட்டும்.