நரம்புக் கருவியும் நமது கடமையும்

தீராத நரம்பு வலியையும் நடுக்குவாதத்தையும் அடக்க உடலுக்குள் பதிக்கும் மின் கருவிகளின் உலகச் சந்தை, மெட்ரானிக், பாஸ்டன் சயன்டிஃபிக், அபாட் என்னும் அமெரிக்காவில் தோன்றிய கம்பெனிகளிடமே பெரிதும் அடங்கிக் கிடக்கிறது. 1966ல் டாக்டர் மேரி வர்கீஸ், தாமே சக்கர நாற்காலியிலிருந்துகொண்டு, முதுகுத்தண்டு முறிந்தோர்க்குப் புனர்வாழ்வு நிலையம் கண்ட வேலூரில் வைத்தியத் திறமைக்குக் குறைவில்லை. ஆயினும் கருவிக்கு அன்னியர் சொல்வதே விலை. ஏழை நோயாளி வலியோடு வீடு திரும்புகிறான்.

இந்நிலை மாறாததன்று. 1973ல் கச்சாத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்ட பின்னரன்றோ ஆம்பூர் ஜோடு உலகச் சந்தையில் செழித்தது? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் ஆக்கிய இருதய வால்வு 1990ல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இருதயத்திற்கு இயன்றது நரம்புக்கு இயலாதா? சர்க்கார் பொருளுதவியும், வேலூர் வைத்தியர் அறிவும், தோல் வர்த்தகர் மூலதனமும் ஒன்றுகூட வேண்டும். நோயைத் தீர்க்கும் கருவிக்குப் பிறர் கையை எதிர்பார்ப்பதும் அடிமைத்தனமேயாம்.