கேட்டது ஒன்று, ஓடுவது ஒன்று

2020 அக்டோபர் 12, காலை பத்து மணியளவில் மும்பையின் மின்சாரம் நின்றது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை மின்விநியோகம் செய்யும் பெஸ்ட் நிறுவனத்துக்கும் வரவேண்டிய மின்சாரம் வரவில்லை. இதுபோன்ற நேரத்தில் மாஹிமில் ஓர் அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். யுபிஎஸ் தயவில் மேசைக் கணினி ஓடுகிறது. கோப்புகளை வைத்திருக்கும் சர்வர் அணைந்துவிட்டது. பாதி எழுதிய கோப்பு என்ன ஆகும்?

விடை, இரண்டையும் இணைக்கும் என்எஃப்எஸ் அமைப்பில் இருக்கிறது. இன்னொரு கணினியின் கோப்புறையை நம்முடையது போலவே கையாள வைக்கும் முறை இது. 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கியது. அந்தக் கோப்புறையை நம் கணினியில் பொருத்துவதற்கு மவுண்ட் என்று பெயர்.

மவுண்ட் செய்யும்போது பல அமைப்புகள் முடிவாகின்றன. முக்கியமானது ஹார்டா, சாஃப்டா என்பது. ஹார்டு என்றால், சர்வர் திரும்பும்வரை நிரல் காத்திருக்கும். திரை உறைந்தது போலிருக்கும், ஆனால் சர்வர் வந்ததும் வேலை தொடரும். சாஃப்ட் என்றால், சில முயற்சிகளுக்குப் பின் பிழை என்று சொல்லிக் கைவிடும். அந்தப் பிழையை நிரல் கவனிக்காவிட்டால், கோப்பு சத்தமில்லாமல் சிதையலாம். லினக்ஸ் கையேடே இதை எச்சரிக்கிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் லினக்ஸ் ஹார்டையே எடுத்துக்கொள்ளும்.

நம் கணினியில் எது நடப்பில் இருக்கிறது? எதை எப்படி மவுண்ட் செய்ய வேண்டும் என்று நாம் எழுதிவைக்கும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பைப் பலரும் திறந்து பார்ப்பார்கள். அது விண்ணப்பம் மட்டுமே. அனுமதி ஆணை கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், இருக்கிறது. இரண்டும் வேறுபடக் காரணங்கள் உண்டு. விண்ணப்பத்தில் எழுதாதவற்றைக் கெர்னல் தானே நிரப்புகிறது. சிலவற்றை சர்வரோடு பேசி முடிவு செய்கிறது: ஒரே தடவையில் 10,48,576 பைட் படிக்கக் கேட்டாலும், சர்வரின் வரம்பு 65,536 என்றால் அதுவே நிலைக்கும். எஃப்எஸ்டேப்பை இன்று திருத்தினாலும், ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருப்பது பழைய அமைப்பிலேயே ஓடும். கழற்றாமலே ரீமவுண்ட் செய்தாலும் என்எஃப்எஸ் பதிப்பு போன்றவை மாறா. முழுதாகக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டும்.

ஆகவே கெர்னலிடமே கேட்க வேண்டும். 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' என்ற கட்டளை ஒவ்வொரு மவுண்டையும் அதன் நடப்பு அமைப்புகளோடு காட்டும். அந்தக் கருவி இல்லாத கணினியில் /ப்ராக்/மவுண்ட்ஸ் கோப்பைப் படித்தால் போதும். அதைப் படிக்க சர்வரின் பதில் தேவையில்லை. சர்வர் அணைந்திருக்கும்போது, வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை தொங்கி நின்றாலும், இந்தக் கோப்பு பதில் தரும்.

வரும் வரியில் 'வெர்ஸ்' என்பது பதிப்பு எண். 'ஆர்சைஸ்', 'டபிள்யூசைஸ்' என்பவை படிக்கும், எழுதும் அளவுகள். 'டைமியோ=600' என்பதை 600 விநாடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் அலகு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 600 என்றால் 60 விநாடி.

காத்திருப்பு எரிச்சலூட்டுகிறது என்பதற்காகச் சிலர் சாஃப்ட் வைக்கிறார்கள். படிக்க மட்டும் பயன்படும் கோப்புறைக்கு அது பொருந்தலாம். கணக்கும் வரைபடமும் எழுதப்படும் இடத்தில் ஹார்டே பாதுகாப்பு என்பது என் எண்ணம். எதைத் தேர்ந்தாலும், அமைப்பைத் திருத்திய அன்றே 'என்எஃப்எஸ்ஸ்டாட் -எம்' கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.