கடன் இருபது வருஷம். தளம் பன்னிரண்டு வருஷம்!



வீடு கட்டக் கடன் வாங்குவது எப்படி, கிரகப்பிரவேசத்துக்கு யார் யாரை அழைப்பது என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கட்டிய வீட்டில் காரை பெயர்ந்து விழும்போது வங்கித் தவணையும் கட்டி, கொத்தனாருக்குக் கூலியும் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிக் குடும்பம் நடத்துவது எப்படி என்று யாரும் எழுதக் காணோம். எங்கள் ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் இது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள், முதல் தவணை கட்டுகிற மாசத்திலேயே மராமத்துக்கென்று இன்னொரு சின்னத் தவணையையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அதை எடுத்து வைக்கிற பொறுப்பு வீட்டுப் பெண்ணிடம் இருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 15 லட்ச ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 13,500 ரூபாய். முதல் மாதம் கட்டுவதில் 11,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,250 ரூபாய்தான். பன்னிரண்டு வருஷம் ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டிய பிறகும் அசல் பாக்கி 9 லட்சத்து 20 ஆயிரம் நிற்கும்! எங்கள் கடனும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அந்தப் பத்தாவது, பன்னிரண்டாவது வருஷத்தில்தான் மேல்தளத்தில் கம்பி ஓடுகிற கோட்டிலேயே பழுப்பு நிறத்தில் கறை விழும். பிறகு லேசாக உப்பிக்கொண்டு வரும். தட்டிப் பார்த்தால் காலிப் பானை மாதிரிச் சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி தாம்பாளம் அளவுக்குக் காரை விழும். எங்கள் வீட்டில் 2024 பொங்கல் கழிந்த மறுவாரம் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் இருவரும் கூடத்தில் படுத்திருந்தார்கள்.

காரணம் என்னவென்று என் தம்பி விளக்கினான். அவன் கட்டட வேலை படித்தவன். சிமெண்டுக் கலவைக்குள் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காதாம். உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு போய்விடும். துரு பிடித்த கம்பி பருத்துக்கொண்டே வரும். இரும்பாக இருந்தபோது பிடித்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். இடம் இல்லாவிட்டால் காரையைப் பிளந்து தள்ளும். உப்பு காற்றில் மட்டுமா வருகிறது? கலவைத் தண்ணீரிலும் மணலிலும் வருகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்று இந்தியத் தர விதி சொல்கிறது. கடல் தண்ணீரில் அது ஏறக்குறைய 19,000. எங்கள் பக்கத்துக் கிணறுகளைச் சொல்லவே வேண்டாம், வாயில் வைத்தாலே கரிக்கும். அந்தத் தண்ணீரில்தான் எங்களுக்கு வீடு கட்டித் தந்தவர் கலவை போட்டிருக்கிறார். அவர் இப்போது ஊரிலேயே இல்லை.

அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கம்பியே இல்லாத சுவரில் துரு ஏது? 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மாதா கோவில் சுவர்கள் இன்றைக்கும் மொட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காகச் சுண்ணாம்பு வீட்டுக்குத் திரும்புங்கள் என்று சொல்லவில்லை. எந்த ஊரில் கட்டுகிறோம் என்பதை மறக்கக்கூடாது என்கிறேன்.

பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த பாலம். நூறு வருஷம் தாண்டி நின்றது என்றால் சும்மாவா நின்றது? சுரண்டுவதும் வர்ணம் அடிப்பதும் துரு தின்ற இரும்பை மாற்றுவதுமாகப் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், உப்பைத் தாங்கும் தனி வர்ணமும் போட்டிருக்கிறார்கள். செலவு 550 கோடிக்கு மேல். அரசாங்கமே இந்தக் கடலுக்கு இவ்வளவு பயப்படுகிறது. நாமோ கிரகப்பிரவேசத்தன்று ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, பிறகு தளத்தை அண்ணாந்து பார்ப்பதே இல்லை.

பக்கத்து மாவட்டத்தில், காரைக்குடியில், துருவைப் பற்றியும் ஆராய்ச்சி செய்யும் மத்திய நிறுவனம் இருக்கிறது. 'சிக்ரி' என்று சொல்வார்கள். துரு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க மண்டபத்தில் அவர்களுக்கு ஓர் ஆய்வு நிலையமே உண்டு. கம்பிக்குப் பூசுகிற சிமெண்டு - பாலிமர் பூச்சு முறையையும் அங்கே கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கொத்தனார்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, வேலை நடக்கிற வீட்டுக்கு வருவோம். ஆண்கள் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வந்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்பார்கள். பகல் முழுக்கத் தூசியில் இருப்பவள் யார்? அரிசி டிரம்மைப் பழைய சேலையால் கட்டி வைத்தும், சோற்றில் மணல் நறநறவென்று கடிபட்டது. கொல்லைப்புறத்தில் ஒற்றை அடுப்பில் இரண்டு மாசம் சமைத்தேன். கொத்தனார், நிமிந்தாள், சித்தாள் என்று நாலு பேருக்கு இரண்டு வேளை டீ. பூச்சு காயாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவும் கரிக்கிற தண்ணீர் கூடாது. காவிரித் தண்ணீர் வராத நாளில் குடத்தை விலைக்கு வாங்குகிற ஊரில், சுவருக்கும் தளத்துக்கும் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? கொத்தனார் எழுதித் தந்த எஸ்டிமேட்டில் இந்தத் தண்ணீர்ச் செலவு இல்லை. டீச் செலவு இல்லை. அத்தைக்குத் தூசியால் இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன செலவும் இல்லை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் எஸ்டிமேட்டுக்கு மேல் 27 ஆயிரம்!

"வேலை முடியும்வரை வாடகை வீட்டுக்குப் போய்விடலாம்" என்று கணவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவணையும் வாடகையும் சேர்ந்தால் அவர் சம்பளத்தில் மிச்சம் என்ன இருக்கும்? ஒரே நேரத்தில் வீடு முழுவதையும் இடிக்காமல், ஓர் அறை முடிந்து அடுத்த அறை என்று வைத்துக்கொண்டோம். முதலில் மொட்டை மாடியில் தண்ணீர் இறங்குவதை நிறுத்தினோம். மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே பூசுவது வீண் வேலை. மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அதுவரை அவள் படிக்கிற அறையில் கை வைக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சமையலறையைக் கோடை லீவில், பிள்ளைகளைப் பரமக்குடிக்கு அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு முடித்தோம். அத்தையை நாத்தனார் வந்து அழைத்துப் போனாள். எப்படிப் பார்த்தாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். அறை அறையாகச் செய்தால் கூலி கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். சம்பளம் வர வரக் கூலியும் கொடுக்கலாம்.

மேஸ்திரியோடு பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். "கம்பிக்குப் பின்னாடி இருக்கிற துருவையும் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுங்க, ரொம்ப மெலிஞ்ச கம்பிக்குப் பக்கத்துல புதுக் கம்பி கட்டுங்க" என்று தம்பி சொன்னதை நான் சொன்னால், "சார் வரட்டும்மா, சார்கிட்ட பேசிக்கிறேன்" என்பார். சாருக்கு அதில் ஒன்றும் தெரியாது. நாலாம் நாள் என் கணவரே, "வீட்டுல இருந்து பார்க்கிறது அவங்கதான். அவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி" என்று சொன்ன பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது. துருவின் மேலேயே பூசி, பெயின்ட் அடித்து மூடிவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் மறுபடி உப்பும். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அப்படி இரண்டு தடவை பூசி, இப்போது தளத்துக்கு முட்டு கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சகோதரி அடுப்படிக்குப் போக அந்த முட்டுக்கம்புகளுக்கு நடுவில்தான் புகுந்து போகிறாள்.

பணத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஆன செலவு 3 லட்சம். 2014-ல் அத்தை பிடிவாதமாகச் சொல்லி, தபால் ஆபீசில் மாதம் 1,000 ரூபாய் தொடர் வைப்பு ஆரம்பித்தோம். முதிர்ந்ததைத் தொடாமல் மறுபடி போட்டு வந்ததில் ஒன்றே முக்கால் லட்சம் கையில் இருந்தது. மீதி ஒன்றேகால் லட்சத்துக்கு வீட்டுக் கடன் மேலேயே கூடுதல் கடன் வாங்கினோம். மீதியிருந்த எட்டு வருஷத்துக்கு மாதம் 1,830 ரூபாய் அளவில் கூடிற்று. மூன்று லட்சத்தையும் கடனாக வாங்கியிருந்தால் 4,400 ரூபாய் கூடியிருக்கும். அந்த 2,500 ரூபாய் வித்தியாசம் ஒரு மாசத்துப் பாலுக்கும் காய்கறிக்கும் ஆகும். நகையை வைக்கச் சொன்னவர்களும் உண்டு. நகைக் கடன் சீக்கிரம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வருஷம் திரும்பும்போது மீட்கவோ வட்டி கட்டி மாற்றி வைக்கவோ வேண்டும். வீட்டு வேலை என்றால் முதலில் நம் கழுத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். "இந்த மாசம் பேங்குக்கு விட்டுடுவோம், கொத்தனாருக்குக் கொடுத்துடுவோம்" என்பார்கள். செய்யாதீர்கள். 90 நாள் தவணை நின்றால் வங்கி அதை வாராக் கடன் என்று எழுதிவிடும். பிறகு 2002 சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டின் மேலேயே கை வைக்கலாம். கொத்தனாரை ஒரு மாசம் நிறுத்தி வைக்கலாம், தவணையை நிறுத்த முடியாது. ராமேஸ்வரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவச் சகோதரி இதில் கெட்டிக்காரி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு தவணையையும் மாசி, பங்குனியிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவாள். தடைக்காலத்தில் வீட்டுக்காரர் சும்மா இருப்பதால் மராமத்து வேலையையும் அப்போது வைத்து, சித்தாள் கூலியை மிச்சம் பிடித்தாள்!

கடன் பத்திரத்தில் நம்மிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போட்ட நம்மில் எத்தனை பேர் கடன் கணக்கு அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோம்? 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய், 2023 பிப்ரவரியில் 6.5 ஆக்கியது. அப்போது பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை, வருஷம்தான் நீண்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, கொஞ்சம் அசலைக் கட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2025-ல் வட்டி இறங்கவும் செய்தது. நான் ஒரு நாள் அரை நாள் செலவழித்து வங்கிக்குப் போய், "எங்க கடன் எந்த வருஷம் முடியுது?" என்று கேட்டேன். முதலில் எழுதியதைவிட இரண்டு வருஷம் தள்ளிப் போயிருந்தது. தவணையில் 700 ரூபாய் கூட்டிக் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது தபால் ஆபீசில் மறுபடி ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறேன், என் பெயரில். மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 6.7 சதவீத வட்டிக்கு ஐந்து வருஷத்தில் 71 ஆயிரத்துக்கு மேல் வரும். முன்பக்கப் போர்டிகோவின் அடியில் ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. அதற்கு அந்தப் பணம் போதும் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை, தொண்டி, பாம்பன் பக்கத்தில் மராமத்து பார்த்த சகோதரிகள் யாராவது, கலவைக்கும் பூச்சுக்கும் நல்ல தண்ணீருக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று இந்தப் பகுதியில் எழுதினால் உபயோகமாக இருக்கும்.

- ஒரு குடும்பத் தலைவி, உச்சிப்புளி